வீட்லயே துணி ஆல்டர் பண்றது: அடிக்கடி கேக்குற கேள்விங்க

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஆசையா ஒரு குர்தி எடுத்துட்டு வருவோம், கடையில ட்ரையல் ரூமும் இருக்காது, வீட்ல வந்து போட்டா தோள் ஒரு பக்கம் இறங்குது, இடுப்புகிட்ட கோணி மாதிரி நிக்குது. டெய்லர் கிட்ட எடுத்துட்டு போனா "ஆல்ட்ரேஷன்லாம் இப்ப எடுக்கறதில்லமா"ன்னு ஒரே வார்த்தை, அதுவும் தீபாவளி கிட்ட வந்துச்சுன்னா நம்ம மூஞ்சியக்கூட பாக்க மாட்டாங்க. நம்ம ஏரியா பொண்ணுங்க, அம்மாங்க, ரெண்டு மூணு தம்பிங்க கூட திரும்ப திரும்ப கேக்குற கேள்விங்கள ஒரே எடத்துல போட்டுருக்கேன். எல்லாம் அடிப்படைதான், தையல் கிளாஸ் போயிருக்கணும்னு இல்ல.

ஒரு டிரஸ் சரியா உக்காரல, ஆனா எங்க தப்புன்னே தெரியல. எப்படி கண்டுபுடிக்கிறது?

இதுதாங்க முக்கியமான கேள்வி, ஆனா இத யாரும் மொதல்ல கேக்க மாட்டாங்க, நேரா "எவ்ளோ பிடிக்கணும்"னுதான் வருவாங்க, அதாவது எவ்ளோ உள்ள தள்ளி தச்சு டைட் பண்ணணும்னு. கண்ணாடி முன்னாடி நேரா நில்லுங்க, மூச்ச இழுத்து வயித்த உள்ள தள்ளாதீங்க, சாதாரணமா நில்லுங்க. இப்ப துணியில சுருக்கம் எப்படி விழுதுன்னு பாருங்க. படுக்கை வாட்டுல கோடு கோடா இழுத்துட்டு இருந்தா அந்த எடத்துல டைட்டு. மேலருந்து கீழ மடிப்பா தொங்குச்சுன்னா அங்க துணி அதிகம், லூசு. குறுக்கால சாய்வா ஒரு சுருக்கம் ஓடுச்சுன்னா அது ரெண்டு முனையில எதையோ காட்டிக்குடுக்குது, ஒரு முனைய புடிச்சு போங்க, மார்பு, தோள் முனை, அக்குள், இடுப்பு எலும்பு இதுல ஏதோ ஒண்ணுல போய் முடியும், பிரச்சனை அங்கதான்.

நெறய பேரு தப்பு பண்றது இதுலதான். இடுப்புக்கு மேல பின்னாடி துணி குவிஞ்சு நிக்கும், உடனே "லூசா இருக்கு"ன்னு அங்க பிடிச்சிருவாங்க. உண்மையில கீழ சீட்டுகிட்ட, அதாவது உக்கார்ற பாகத்துல, டைட்டா இருக்கறதால துணி இறங்க முடியாம மேல வந்து குவிஞ்சிருக்கும். அங்க போய் இன்னும் டைட் பண்ணா என்ன ஆகும், இன்னும் மேல ஏறும். அதனால பிடிக்கறதுக்கு முன்னாடி எங்கயாவது அவுத்து விட வேண்டியிருக்கான்னு பாருங்க.

அப்புறம் உக்காந்து பாருங்க, பஸ்ல மேல கம்பி புடிக்கிற மாதிரி கைய தூக்கி பாருங்க. நின்னா மட்டும் அழகா இருக்குற டிரஸ்ஸ வச்சு என்ன பண்றது.

மெஷின் இல்லயே அக்கா, கையில தச்சா நிக்குமா?

நிக்கும். பின் தையல் போடணும், அதாவது ஒரு தையல் நீளம் முன்னாடி போய் அதுல பாதி பின்னாடி வந்து குத்தறது, அது நெருக்கமா போட்டா நல்லாவே தாங்கும். வெறும் ஓட்டுத் தையல்னா சைடுல எல்லாம் நிக்காது, அது அளவு பாக்கறதுக்கு மட்டும்தான். மடிச்சு தைக்கற வேலை, கொக்கி, ஃபால்ஸ் இதெல்லாம் கையில பண்ணாதான் மெஷின விட நல்லாருக்கும்.

சாமான்னு பாத்தா இன்ச் டேப், குண்டூசி, சாக்பீஸ், தையல் பிரிக்கிற கருவி, துணிக்கு மட்டும்னு ஒரு கத்தரி. அந்த கத்தரியில பேப்பர் வெட்ட விடாதீங்க, பால் பாக்கெட் வெட்டறதுக்கு யாராவது தூக்கிட்டு போவாங்க, உஷாரா இருங்க. ஒயிட், பிளாக், சந்தன கலர் நூல் எப்பவும் இருக்கட்டும். கலர் சரியா கெடைக்கலன்னா ஒரு ஷேடு டார்க்கா எடுங்க, லைட்டா எடுத்தா தையல் பளிச்சுன்னு தெரியும்.

மெஷின் இருக்குன்னா ஊசி நம்பர் பாருங்க. மெல்லிசு துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி கெட்டி துணிக்கு 16. பெரம்பூர் பக்கம் பின்னி மில்லு 1996ல மூடினதுக்கு அப்புறமும் காக்கின்னா அதுதான்னு பேசுற பெருசுங்க இன்னும் இருக்காங்க, அந்த மாதிரி கெட்டி டிரில் துணி வீட்ல இருந்தா 14ல தச்சு ஊசிய உடைக்காதீங்க.

புதுசா வாங்கினத உடனே பிடிச்சிரலாமா?

வேணாம். ஒரு வாட்டி தண்ணியில அலசி காய வச்சு அயர்ன் பண்ணிட்டு அப்புறம் அளவு பாருங்க. காட்டன் சுருங்கும், லைனிங்கும் மேல் துணியும் வேற வேற மாதிரி சுருங்கும்.

குர்தி சைடுல லூஸ். எவ்ளோ பிடிக்கணும்னு கணக்கு சொல்லுங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள், ஆனா இதுலதான் எல்லாரும் ஓவரா பிடிச்சிட்டு உள்ள போக முடியாம மாட்டிக்கிறாங்க. பழைய தையல்லருந்து கால் இன்ச் உள்ள தள்ளி தைக்கிறீங்கன்னு வைங்க. முன்பக்கம் கால், பின்பக்கம் கால், ஒரு சைடுக்கு அரை இன்ச் போச்சு. ரெண்டு சைடும் சேத்தா ஒரு இன்ச் சுத்தளவு குறைஞ்சிரும். அப்போ ரெண்டு இன்ச் குறைக்கணும்னா அரை இன்ச்தான் தள்ளணும், ரெண்டு இன்ச் இல்ல!

டிரஸ்ஸ உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பி போட்டுக்கங்க, வேற யாராவது குண்டூசி குத்தி விடட்டும், தனியா பண்ணா ஒரு பக்கம் கண்டிப்பா கோணும். ஆனா ரெண்டு தோளும் ரெண்டு இடுப்பும் யாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, திருப்பி போடும்போது எடப்பக்கம் வலப்பக்கமா மாறிரும், அதனால ரெண்டு பக்கமும் ஒரே அளவு எடுக்கறதுதான் சேஃப். கழட்டிட்டு சாக்பீஸ்ல கோடு போட்டு, மொதல்ல நீளமான தையலா ஓட்டி, போட்டு பாத்துட்டு, அப்புறம்தான் நிரந்தர தையல். கத்தரிய அன்னைக்கு எடுக்கவே எடுக்காதீங்க. உள்ள நிக்கிற துணி அப்படியே கெடக்கட்டும், நாளைக்கு உடம்பு ஏறுச்சுன்னா பிரிச்சுக்கலாம்.

கை வச்ச குர்தின்னா அக்குள்ல டக்குனு நிறுத்தக்கூடாது, சைடு தையல் அப்படியே கைக்குள்ள ஏறி ஒரு நாலஞ்சு இன்ச் போய் மெதுவா பழைய தையல்ல சேரணும். கீழயும் அப்படித்தான், சைடு ஓபனுக்கு மேல மெல்ல மெல்ல பழைய கோட்டுல போய் கலக்கணும். டக்குனு முடிச்சா அங்க ஒரு கொம்பு மாதிரி துருத்திக்கும்.

மார்பு அளவ விட குர்தி மூணு நாலு இன்ச் கூட இருந்தாதான் கை கால் ஆட்ட முடியும், அந்த லூச தப்புன்னு நெனச்சு பிடிக்காதீங்க. மொத்தமா ரெண்டு மூணு இன்ச்சுக்கு மேல குறைக்கணும்னா சைடு மட்டும் போதாது, கைக்குழி, அதாவது கை சேர்ற வளைவு, கெட்டுரும். பின்னாடி ரெண்டு டாட் பிடிங்க, அதாவது நடுவுல அகலமா, முனையில கூரா முடியற மாதிரி உள்பக்கம் பிடிக்கற மடிப்பு.

குர்தி சீட்டுகிட்ட மட்டும் டைட்டா புடிக்குது, பாக்கி எல்லாம் கரெக்டா இருக்கு.

சைடு ஓபன மேல ஏத்துங்க, அவ்ளோதான். ஓபன் ஆரம்பிக்கற எடத்துல ஒரு ஒன்றரை ரெண்டு இன்ச் தையல பிரிச்சு, ஓரத்த உள்ள மடிச்சு தச்சு, புது முனையில குறுக்கால நாலஞ்சு தையல் கெட்டியா போட்டுருங்க, இல்லன்னா வண்டியில ஏறும்போது அங்கருந்துதான் கிழியும். பத்து நிமிஷ வேலை, இதுக்கு போய் குர்திய தங்கச்சிக்கு தூக்கி குடுக்கறவங்க இருக்காங்க.

பிளவுஸ் கொக்கிங்களுக்கு நடுவுல வாய் தொறக்குது, ஊக்கு குத்திக்கிட்டே இருக்கேன்.

ரெண்டு காரணம். மார்புகிட்ட நேரா படுக்கை வாட்டுல சுருக்கம் இருந்தா டைட்டு, சைடுல உள்ள விட்டிருக்கற துணிய பிரிச்சு விடணும். நம்ம டெய்லருங்க பெரும்பாலும் சைடுல ஒரு இன்ச் கிட்ட துணி விட்டு ரெண்டு மூணு தையல் ஓட்டியிருப்பாங்க, உள்பக்க தையல் ஒண்ண பிரிச்சாலே போதும். எல்லாத்தையும் பிரிச்சிராதீங்க.

சுருக்கம் ஒண்ணும் இல்ல, ஆனா உக்காந்தா மட்டும் பிளக்குதுன்னா கொக்கி இடைவெளி அதிகம். நடுவுல ஒரு கொக்கி சேருங்க, முக்கியமா மார்பு முனைக்கு நேரா ஒரு கொக்கி கண்டிப்பா வரணும், அங்கதான் இழுவை அதிகம். கொக்கி மேல ரெண்டு ஓட்டையில மட்டும் தச்சு விட்டுடாம, கொக்கியோட கழுத்தயும் சேத்து பட்டியோட புடிச்சு தைங்க, அப்பதான் ஆடாது.

கைய தூக்கினா பிளவுஸே மேல ஏறுது. கைய லூஸ் பண்ணவா?

கை லூஸ் பண்ணா தீராது. கைக்குழி ரொம்ப கீழ வெட்டியிருந்தா கை தூக்கும்போது பாடியையும் சேத்து இழுத்துட்டு போகும். கேக்க தலைகீழா இருக்கும், ஆனா அக்குள ஒட்டி மேல இருக்கற கைக்குழிலதான் கை ஃப்ரீயா அசையும். வெட்டின துணிய ஒட்ட முடியாது, ஆனா ஒரு வழி இருக்கு. அக்குள்ல சைடு தையலும் கை தையலும் சேர்ற எடத்துல கொஞ்சம் பிரிச்சு, மூணு இன்ச் சதுரத்துக்கு அதே கலர் துணிய டைமண்ட் வாக்குல வச்சு தச்சு விடுங்க. கை தொங்க விட்டா வெளிய தெரியாது. துணிய கிராஸா, அதாவது நூல் ஓடுற வாட்டுக்கு சாய்வா, வெட்டி வச்சா கொஞ்சம் இழுத்தும் குடுக்கும். வேலைக்கு போறவங்க, வீட்ல பரண் ஏறி இறங்கறவங்க ஒரு வாட்டி இத பண்ணி பாருங்க.

ஸ்லீவ்லெஸ்னா இன்னும் ஈஸி, தோள் ஜாயிண்ட்ல அரை இன்ச் பிடிச்சா அக்குள் மேல வந்துரும், கழுத்தும் கூடவே மேல வரும்.

கழுத்து அகலமா இருக்கு, தோள்ல நழுவி நழுவி விழுது.

தோள் ஜாயிண்ட்ல கழுத்து ஓரத்துல மட்டும் கால் இன்ச் பிடிச்சு, கைப்பக்கம் வர வர ஒண்ணும் இல்லாம முடிங்க. கழுத்து பட்டிய அந்த எடத்துல கொஞ்சம் பிரிச்சு திரும்ப மூடணும், அதுக்கு பயந்துக்காதீங்க. முன்கழுத்து குனிஞ்சா விரியறதும் இதுலயே பாதி சரியாகும். அதுவும் முடியலன்னா பின்னாடி ஒரு கயிறு, இல்லன்னா தோள் உள்பக்கம் ஒரு நூல் வளையம், முனையில டிச் பட்டன், உள்ள போடுற பட்டைய அதுல கோத்து பட்டன் போட்டுட்டா நாள் முழுக்க நகராது.

பேண்ட் தொடையில கரெக்ட், பின்னாடி இடுப்புல ஒரு கையே உள்ள போவுது. இன்னா பண்ணலாம்?

டெய்லர் தச்ச பேண்ட்டுன்னா லக்கு, பின்னாடி நடு தையல்ல இடுப்பு பட்டி ரெண்டா பிரிஞ்சி இருக்கும், உள்ள துணியும் விட்டிருப்பாங்க, பெல்ட் லூப்ப கழட்டிட்டு நடுவுல அரை இன்ச் உள்ள தள்ளி தச்சா ஒரு இன்ச் போயிரும். சீட்டு வளைவு வரைக்கும் மெல்ல இறக்குங்க, அந்த தையல் ரெண்டு வாட்டி ஓடணும், ஏன்னா குனியும்போது மொதல்ல பிரியறது அதுதான்.

ரெடிமேட் ஜீன்ஸ்னா பட்டி ஒரே துண்டா இருக்கும், பிரிக்கறது பேஜாரு. எலாஸ்டிக் போடுங்க. பட்டியோட உள்பக்கத்துல மட்டும் சைடு தையல் கிட்ட சின்னதா ரெண்டு வெட்டு, அதுக்குள்ள எலாஸ்டிக்க ஊக்குல கோத்து இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் ஓட்டணும், பின்பட்டி நீளத்த விட ரெண்டு மூணு இன்ச் கம்மியா வச்சு ரெண்டு முனையயும் தச்சு வெட்ட மூடிருங்க. லேசா சுருங்கி நிக்கும்தான், ஆனா சட்டை மறைச்சிரும், யாரும் குனிஞ்சு பாக்கப் போறதில்ல.

ஜீன்ஸ் நீளம் குறைச்சா கீழ இருக்குற அந்த ஒரிஜினல் ஓரம் போயிடுதே?

போகாம பண்ணலாம். ரெண்டு இன்ச் குறைக்கணும்னு வைங்க, கால் ஓரத்த வெளிப்பக்கமா மடிங்க, ஒரிஜினல் தையல் கோட்டுலருந்து மடிப்பு வரைக்கும் ஒரு இன்ச் இருக்கணும், குறைக்க வேண்டியதுல பாதி. ஓரத்த ஒட்டி, அதுக்கு மேல ஏறாம, சுத்தி தைங்க. இப்ப ஓரத்த கீழ திருப்பி மடிப்ப உள்ள தள்ளி அயர்ன் போடுங்க. ஒரிஜினல் ஓரம் அப்படியே இருக்கும், தையல் அது பக்கத்துலயே ஒளிஞ்சிக்கும். சைடு ஜாயிண்ட்ல துணி அஞ்சாறு அடுக்கு வரும், அங்க மட்டும் மெஷின கால்ல மிதிக்காதீங்க, சக்கரத்த கையால சுத்தி மெதுவா தாண்டுங்க.

எந்த ஷூ, செருப்பு போடுவீங்களோ அத போட்டுட்டுதான் நீளம் பாக்கணும். குனிஞ்சு நீங்களே பாத்தா பேண்ட் மேல ஏறிரும், அளவு தப்பு வரும்.

வீட்டுக்காரர் சட்டை பலூனா நிக்குது. தோளும் இறங்குது.

பலூன சரி பண்ணலாம், தோள என்னால சொல்லித்தர முடியாது, அதுக்கு கைய முழுசா கழட்டி திரும்ப வைக்கணும், வீட்டு வேலை இல்ல அது. வாங்கும்போதே தோள் அளவு பாத்து வாங்குங்க, மத்தது எல்லாத்தையும் பாத்துக்கலாம்.

பின்னாடி ரெண்டு டாட் போதும். தோள்பட்டை எலும்புக்கு கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு, இடுப்புல அரை இன்ச் மடிப்பா வந்து, கீழ திரும்ப ஒண்ணுமில்லாம முடியணும். ஒவ்வொண்ணும் ஒரு இன்ச், மொத்தம் ரெண்டு. கட்டம் போட்ட சட்டையில டாட் பிடிச்சா கட்டம் உடைஞ்சு தெரியும், அதுக்கு சைடுதான் பிடிக்கணும்.

ஜூன்ல எடுத்த யூனிஃபார்ம் அடுத்த வருஷம் பத்தல.

நம்ம பாட்டிங்க பட்டுப்பாவாடையில வரிசையா டக் (சுத்தி மடிச்சு தைக்கற மடிப்பு) பிடிச்சு வைப்பாங்கல்ல, பொண்ணு வளர வளர ஒவ்வொண்ணா அவுத்து விடறதுக்கு, அதே வேலைதான். யூனிஃபார்ம் கொஞ்சம் நீளமா எடுத்து, வெட்டாம, கீழ் மடிப்புக்கு மேல உள்பக்கமா ஒரு இன்ச் டக் பிடிச்சு நீளமான தையலா ஓட்டி விடுங்க. ஒரு டக்கு அவுத்தா ரெண்டு இன்ச் நீளம் வரும். ஸ்கர்ட், பினஃபோர் எல்லாத்துக்கும் செட் ஆகும். பையன் பேண்ட்டுக்கு உள் மடிப்ப மூணு இன்ச்சா விட்டு கையில ஹெம்மிங் பண்ணா போதும்.

அவுத்தப்புறம் பழைய கோடு தெரியும். வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து அந்த கோட்டுல தடவி, மேல ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணுங்க, மொதல்ல உள்பக்கம் ஒரு மூலையில கலர் போகுதான்னு பாத்துக்கங்க. மடிப்பு போயிரும். வெயில்ல வெளுத்து விழுந்த கோடுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, கலர் மேட்சா ஒரு நாடா வச்சு தச்சு மறைக்கணும், ஸ்கூல்ல ஒத்துப்பாங்களான்னு கேட்டுக்கங்க.

டி-ஷர்ட், லெக்கிங்ஸ் தச்சா தையல் பட் பட்னு அறுந்துடுது.

துணி இழுக்குது, நூல் இழுக்கல, அதான். ஜிக்ஜாக் இருக்குற மெஷின்னா சின்ன ஜிக்ஜாக் போடுங்க. நேர் தையல் மட்டும்தான்னா காட்டன் நூல் வேணாம், பாலியஸ்டர் நூல் போட்டு, துணிய லேசா இழுத்து புடிச்சுக்கிட்டே தைங்க. ஊசியும் முனை மழுங்கின பால்பாயிண்ட் ஊசின்னு கேட்டு வாங்குங்க, கூர் ஊசி நிட் துணியில ஓட்டை போட்டுரும்.

சேலை கட்டினா இடுப்புகிட்ட உப்பிக்குது.

சேலைய திட்டாதீங்க, பாவாடைய பாருங்க. சுருக்கு வச்ச பாவாடையில நாடா இழுத்தா எல்லா சுருக்கும் முன்னாடி வந்து நிக்கும், அதுக்கு மேல கொசுவம் சொருகினா உப்பாம என்ன பண்ணும். நாடாவ கட்டினப்புறம் சுருக்க எல்லாம் பின்னாடி தள்ளி விடுங்க, இல்ல சைடுல பிடிச்சு மேல ஒட்டி கீழ விரியற மாதிரி மாத்துங்க, நடக்க கீழ சுத்தளவு மட்டும் குறையக்கூடாது. ஃபால்ஸ் தைக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபால்ஸ ராத்திரி தண்ணியில ஊற வச்சு காய வச்சு அயர்ன் பண்ணிட்டுதான் தைக்கணும், இல்லன்னா மொத தோச்சல்லயே ஃபால்ஸ் சுருங்கி சேலை ஓரம் சுருட்டிக்கும்.

எத பிரிச்சு லூஸ் பண்ணவே கூடாது?

பட்டு, சாட்டின், ரெக்ஸின் இதுல ஊசி ஓட்டை மறையாது, பிடிக்கலாம், பிரிச்சு விட்டா பழைய தையல் வரிசையா தெரியும். வெல்வெட், கல் வேலை, ஜரிகை வேலை பண்ணதும் அப்படித்தான். வெளுத்துப்போன துணியயும் பிரிச்சு விடாதீங்க, உள்ள இருந்த துணி பழைய கலர்ல பளபளன்னு நிக்கும்.

எல்லாம் கரெக்டா தச்சேன், ஆனா வீட்ல தச்சதுன்னு பாத்தவுடனே தெரியுதே?

அயர்ன் பண்ணாம விட்டிருப்பீங்க. ஒவ்வொரு தையலுக்கு அப்புறமும் அயர்ன் பண்ணணும், முடிச்சப்புறம் ஒரு வாட்டி இல்ல. மொதல்ல தச்ச தையல் மேலயே ஒரு அழுத்து, அப்புறம் உள்ள இருக்கற துணிய ரெண்டா பிரிச்சு விரிச்சு ஒரு அழுத்து. தேய்க்காதீங்க, வச்சு எடுங்க. கழுத்து, கைக்குழி மாதிரி வளைவான எடத்துல உள் துணிக்கு சின்ன சின்ன வெட்டு குடுங்க, தையல் வரைக்கும் போகாம. என்னக் கேட்டா தையல விட அயர்ன்தான் பாதி வேலை, கடை தையலுக்கும் வீட்டு தையலுக்கும் வித்தியாசமே அங்கதான் வருது.

கொக்கி எல்லாம் துருப்புடிச்சு பிளவுஸ்ல கறை ஆகுது.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் காத்துக்கு இரும்பு கொக்கி நிக்காது. துருப்பிடிக்காத கொக்கின்னு கேட்டு வாங்கி மாத்துங்க. கறை வெள்ளை காட்டன்ல விழுந்திருந்தா எலுமிச்சம்பழமும் உப்பும் வச்சு வெயில்ல போட்டு அலசுங்க, பட்டுல, கலர் துணியில இத பண்ணாதீங்க. ஊசி, குண்டூசியயும் தொறந்து வைக்காம பவுடர் போட்டு டப்பாவுல மூடி வைங்க.

இவ்ளோவும் படிச்சும் எனக்கு தைரியம் வரல. டெய்லர் கிட்டயே குடுக்கறேன், எப்படி சொல்றது?

"கொஞ்சம் டைட் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அவர் கொஞ்சமும் நம்ம கொஞ்சமும் ஒண்ணு இல்ல. வீட்லயே போட்டு பாத்து குண்டூசி குத்தி, அந்த கோட்டுல கலர் நூல்ல ஒரு ஓட்டுத் தையல் போட்டு எடுத்துட்டு போங்க, பஸ்ல குண்டூசி விழுந்துரும். உள் துணிய வெட்ட வேணாம்னு சொல்லிருங்க. வாங்கும்போது அங்கயே போட்டு பாக்க முடியலன்னா, நல்லா உக்கார்ற பழைய குர்தி ஒண்ண எடுத்துட்டு போய் மேல வச்சு அளந்து பாத்துட்டு காசு குடுங்க.